முப்பத்து நான்குக்கு முப்பத்து நான்கு

பரமபதம் ஆடியிருப்பீர்கள். ஏணியில் ஏறினாலும் பாம்பிடம் கடிபட்டாலும் அதில் ஆடுபவருக்கு எந்தப் பங்கும் இல்லை. எல்லாம் பகடையின் வேலை. பல்லாங்குழி அப்படியல்ல. நம் மலாய் நண்பர்கள் சொங்காக் என்று ஆடுவதும் அதே குடும்பம்தான். எந்தக் குழியிலிருந்து அள்ளுவது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவும் முடியும்.

முடிவெடுக்கும் திறனை மாணவர்களுக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லும் செயலிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். நிறைய பரமபதம் ரகம். பத்துக் கேள்விக்குப் பதில் தட்டினால், "உங்களுக்கு ஏற்ற துறை பொறியியல்" என்று ஒரு பெட்டி வண்ணமயமாக வந்து நிற்கும். பிள்ளை எதையும் முடிவு செய்யவில்லை. வந்த முடிவை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

வானொலியில் நிகழ்ச்சி இல்லாத சனிக்கிழமைகளில், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் உயர்நிலை மூன்று, நான்கு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுடன் உட்காருகிறேன். ஊடகம் படித்தவள் என்பதால் மேடைப் பேச்சு சொல்லித்தரத்தான் அழைத்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அவசரத் தேவை வேறாக இருந்தது. சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்த சில நாள்களுக்குள் கூட்டு மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 12 விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம். ஈராண்டு தொடக்கக் கல்லூரியா, மூவாண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியா, தொழில்நுட்பக் கல்விக் கழகமா? 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு, ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 இவற்றில் எந்த நிலையில் படிப்பது என்ற கேள்வி இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது.

நாங்கள் பயன்படுத்தும் கருவி ஓர் இலவச விரிதாள். காசு செலவில்லை. இடப்பக்கம், நமக்கு எவை முக்கியம் என்ற பட்டியல். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று ஐந்துக்கு ஒரு மதிப்பு. அந்த வகையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஐந்துக்கு ஒரு புள்ளி. பெருக்கிக் கூட்டுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஓர் எண்ணை மாற்றினால் மொத்தமும் கண்ணெதிரே மாறும். அந்த மாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சுவா சூ காங்கில் வசிக்கும் ஒரு மாணவி தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்பட்டாள். அது தெம்பனிசில், தீவின் மறுகோடி. வீட்டில் எல்லாரும் பக்கத்துத் தொடக்கக் கல்லூரியைச் சொன்னார்கள். முதல் கணக்கில் தொடக்கக் கல்லூரிக்கு 49, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு 41. அவள் முகம் வாடிவிட்டது.

"முகம் ஏன் வாடுது? எந்த எண் உனக்குப் பொய்யாத் தெரியுது?" என்று கேட்டேன்.

பல்கலைக்கழக வாய்ப்புக்கு நான்கு கொடுத்திருந்தாள். சற்று யோசித்து, "அக்கா, இது என் நாலு இல்ல. பெரியப்பாவோட நாலு" என்றாள். அதை இரண்டாக்கினாள். பயண நேரத்தை இரண்டிலிருந்து ஒன்றாக்கினாள். மொத்தம் 34க்கு 34! பக்கத்தில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள். அவளுக்குத்தான் கோபம், கருவி பதில் சொல்லவில்லையே என்று.

ஆசைப்படி எண்களைத் திருத்துவது ஏமாற்று வேலை அல்லவா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். மறைத்துத் திருத்தினால் ஏமாற்றுதான். ஏன் திருத்துகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத் திருத்தினால், அதற்குப் பெயர் யோசிப்பது.

இது புதிதும் அல்ல. 1772ல் பெஞ்சமின் பிராங்ளின், குழப்பத்தில் இருந்த நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளை இரண்டாகப் பிரித்து, சாதகத்தையும் பாதகத்தையும் சில நாள் எடுத்து எழுதி, சமமானவற்றை அடித்துக்கொண்டே வரச் சொன்னார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லவில்லை. எப்படி என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பாவை வரவழைத்து, மகளின் எண்களைக் காட்டாமல் அதே விரிதாளை நிரப்பச் சொன்னோம். பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்தது இரண்டுதான். பயணத்துக்கு ஐந்து! "எனக்கு இரவு வேலைம்மா. புள்ள ஒன்றரை மணி நேரம் பயணம் பண்ணி ராத்திரி வீடு வர்றப்ப நான் வீட்ல இருக்க மாட்டேன்" என்றார். படிப்பைப் பற்றிய சண்டை என்று மகள் மாதக்கணக்கில் நினைத்திருந்தது, வீடு திரும்பும் நேரத்தைப் பற்றிய கவலை. ஜனவரியில் கல்லூரியின் ஓப்பன் ஹவுசுக்கு இருவரும் சேர்ந்து போய், வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார்கள். அவள் பட்டியலில் முதலிடம் தெம்பனிசுக்குத்தான். பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியாக நிரப்பி ஒப்பிடுவதை எல்லா வீட்டுக்கும் சிபாரிசு செய்வேன். பள்ளியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.

ஆனால் எல்லா முடிவுக்கும் விரிதாளைத் திறக்க நேரம் கிடைக்காது. அதற்காக டுவைன் என்ற இலவச மென்பொருளில், படிப்பவரே பாதையைத் தேர்ந்தெடுக்கும் கதைகளைப் பிள்ளைகளை எழுத வைக்கிறேன். ஒரு குழு எழுதிய கதையில் கைப்பேசிக்குக் குறுந்தகவல் வருகிறது: "உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு, 300 வெள்ளி தருகிறேன்." அனுப்பியவன் முகமறியாத வில்லன். விளையாடிய அத்தனை பேரும் மறுத்தார்கள், இரண்டே தட்டலில் கதை முடிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். தவறான வழி சரியானதுபோல் தோன்றாவிட்டால் அங்கே முடிவெடுக்க என்ன இருக்கிறது?

மறுபடி எழுதினார்கள். இப்போது கேட்பவன், காற்பந்துக் குழுவில் பழகிய, ஒருமுறை உனக்குச் சாப்பாடு வாங்கித் தந்த அண்ணன். அம்மாவின் கைப்பேசிக் கட்டணமும் பாக்கி. ஒன்பது பேரில் நால்வர் சரி என்று தட்டினார்கள். அறை அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகான பக்கங்களை, அதாவது கணக்கு முடக்கப்படுவதையும் காவல்துறையின் அழைப்பையும் அம்மா கதவைத் திறப்பதையும் எழுத அவர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின.

நேரலையில் நேயரின் இணைப்பு அறுந்தால் எங்களுக்கு யோசிக்க நேரமிருக்காது. அதற்கென்றே ஒரு பாட்டைத் தயாராக வைத்திருப்போம். அதைச் சொல்லி, ஆளுக்கு ஒரு வாக்கியத்தைத் தயார்செய்யச் சொன்னேன். சரி என்று தட்டிய நால்வரில் ஒருவன் எழுதியது இது: "அண்ணே, என் கணக்கை எங்கம்மாவும் பார்ப்பாங்க. சாப்பாட்டுக் காசு எவ்வளவுன்னு சொல்லுங்க, அதைத் தந்துடறேன்."