மீனும் மரச்சீனியும் தைராய்டும்

தைராய்டு சுரப்பி குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தில் ஒட்டியிருக்கிறது. வலம் ஒன்று, இடம் ஒன்று என இரண்டு மடல்கள். நடுவே அவற்றைச் சேர்க்கும் குறுகலான ஒரு திசுப்பாலம். பெரியவர்களுக்கு மொத்த எடை 15 முதல் 25 கிராம். எச்சில் விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து இதுவும் மேலேறி இறங்கும். கழுத்து வீக்கத்தோடு வருபவரை மருத்துவர் முதலில் விழுங்கிக் காட்டச் சொல்வது அதனால்தான். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இந்தச் சுரப்பிக்கு வேண்டிய மூலப்பொருள் கடலிலிருந்து வலையில் வருகிறது. அதன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடிய ஒரு பொருள் உள்நாட்டு மேட்டு நிலங்களில் விளைந்து சந்தைக்கு வருகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே தட்டில்தான் சந்திக்கின்றன.

எச்சில் சுரப்பிக்கு வாயில் திறக்கும் குழாய் உண்டு. வியர்வைச் சுரப்பிக்குத் தோலில் திறக்கும் குழாய் உண்டு. தைராய்டுக்குக் குழாய் கிடையாது. செய்ததை நேரே இரத்தத்தில் விடுகிறது. நாளம் என்றால் குழாய். நாளமில்லாச் சுரப்பி என்ற பெயர் அப்படி வந்தது. இரத்தத்தில் கலந்த ஹார்மோன் உடல் முழுவதும் சுற்றினாலும், அதற்குரிய ஏற்பி இருக்கும் செல்களில்தான் வேலை செய்யும். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நரம்பின் உதவியே இல்லாமல் குடலிலிருந்து கணையத்துக்கு இரத்தம் வழியே செய்தி போகிறது என்று காட்டினார்கள். 1905இல் ஸ்டார்லிங் அத்தகைய பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார்.

நாளமில்லாச் சுரப்பிகள் வேறும் உண்டு. தைராய்டின் முதுகில் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டுகள் இருந்து இரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கின்றன. சிறுநீரகங்களின் உச்சியில் அட்ரீனல்கள், இரைப்பைக்குப் பின்னால் கணையம், மூளையின் அடியில் அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரி, மூளைக்குள் பினியல், இவற்றோடு விந்தகமும் சூலகமும். வெயிலில் வள்ளத்தில் நின்று வலை இழுப்பவரின் உடலில் இவற்றில் பலவும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும். வியர்வையில் நீர் போகப் போகப் பிட்யூட்டரியின் பின்மடல் வாசோப்ரெசினை வெளியிடுகிறது. சிறுநீரகம் நீரைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. அட்ரீனலின் புறணியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை மிச்சம் பிடிக்கிறது. இத்தனை ஏற்பாடு இருந்தும் சுற்றிலும் கிடக்கும் நீர் தாகத்துக்கு ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்தச் செறிவில் உப்பைச் சிறுநீரில் தள்ள மனிதச் சிறுநீரகத்தால் முடியாது. இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இருட்டியதும் பினியல் மெலடோனினைச் சுரந்து உடலைத் தூங்கச் சொல்லும். விழிப்புக்குரிய கார்டிசோல் விடியும் தறுவாயில்தான் உச்சத்துக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் கண்விழித்து உழைப்பது சொந்தச் சுரப்பிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை.

தைராய்டு தன்னிச்சையாக இயங்குவதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும், பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனால் தைராய்டைத் தூண்டும். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதிய அளவு சேர்ந்துவிட்டால் அதுவே மேலே போய் இருவரையும் அடக்கிவிடும். குறைந்தால் அடக்க ஆளில்லாமல் டி.எஸ்.எச். ஏறும். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தால் தைராய்டு மந்தமாக இருக்கிறது என்று பொருள்படுவது பலரையும் குழப்பும். எண் கூடியிருப்பது சுரப்பியின் உழைப்பு அல்ல, அதன் மேல் விழும் விரட்டல்.

இனி அயோடின். 1811இல் பிரான்சில் பெர்னார்ட் கூர்ட்வா கடற்பாசிச் சாம்பலிலிருந்து வெடியுப்பு எடுக்கும் வேலையில் இருந்தபோது எழுந்த ஊதா நிற ஆவிதான் அயோடின். அது தைராய்டுக்குள் இருக்கிறது என்று 1895இல் ஜெர்மனியில் பாவ்மான் கண்டார். உடலிலுள்ள அயோடின் மொத்தம் 15 முதல் 20 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி இந்தச் சிறிய சுரப்பியில் குவிந்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் தைராய்டு சின்னச் சின்னப் பைகளால் ஆனது. பையின் சுவரிலுள்ள செல்கள் இரத்தத்திலிருந்து அயோடைடை இழுத்து உள்ளே அனுப்புகின்றன. பைக்குள் கூழ் போன்ற புரதம். அந்தப் புரதத்தில் அயோடின் ஏறித்தான் ஹார்மோன் உருவாகிறது. நான்கு அயோடின் அணு கொண்டது தைராக்சின் என்ற டி4. மூன்று கொண்டது டி3. சுரப்பி விடுவதில் மிகுதி டி4தான். திசுக்களில் ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கியபின் அது முழு வீச்சில் வேலை செய்யும். கழற்றும் நொதிக்குச் செலினியம் தேவை. எரிசக்தி எவ்வளவு வேகமாகச் செலவாக வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதிலெல்லாம் இதன் கை இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி இதை நம்பி நடக்கிறது. அப்போது இது குறைந்தால், பிறந்தபின் கொடுத்து அந்த நட்டத்தை முழுதாக ஈடுகட்ட முடியாது.

மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் இவ்வளவு கையிருப்பு வைப்பதில்லை. தைராய்டின் கூழில் இரண்டு மூன்று மாதத்துக்கான ஹார்மோன் சேமிப்பில் கிடக்கும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். தட்டில் மீன் குறையும் அந்த மாதங்களைச் சுரப்பி தன் கையிருப்பை வைத்தே ஓட்டிவிடக்கூடும்.

பெரியவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. சாளை, அயிலை, நெத்தோலி, சூரை போன்ற கடல்மீன்கள் அயோடினும் செலினியமும் சேர்த்துத் தருகின்றன. ஆனால் கடலோரத்தில் குடியிருப்பதே போதும் என்பது தவறு. கடற்காற்று இதைக் கொடுத்துவிடாது. கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்பதும் பரவலான நம்பிக்கை, அதுவும் சரியல்ல. கடல்நீரிலேயே அயோடின் லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அதிலும் உப்பு படியும்போது அயோடின் அதனுடன் படியாமல் பெரும்பாலும் கழிநீரோடு போய்விடுகிறது. ஆகவே பாத்தியிலிருந்து வந்த கல்லுப்பும் அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றல்ல. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கஸ்வாமி குழுவினர் 1956இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பு கொடுத்த இடங்களில் முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பதற்கான தடை 2000இல் விலக்கப்பட்டு 2006 மே மாதம் மீண்டும் வந்தது. நுகர்வோர் கைக்கு வரும்போது உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். அதாவது 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம்.

தட்டின் மறுபாதி மரச்சீனி. மற்ற மாவட்டங்களில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு. தென் அமெரிக்காவில் பிறந்த இது திருவிதாங்கூரில் பரவ 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பெரிதும் முயன்றார். கன்னியாகுமரிப் பகுதியும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைக் குடும்பங்களுக்குச் சோறாக நின்றதும் இந்தக் கிழங்குதான்.

கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு. வெட்டினாலோ சிதைத்தாலோ கிழங்கிலேயே உள்ள நொதி அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். கசப்பு வகைகளில் இது அதிகம். துண்டு துண்டாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் சேர்த்து மசிக்கும் சமையல் முறை இதில் பெரும்பங்கை வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சியதை உடல் கந்தகத்தோடு இணைத்துத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். சிக்கல் இங்கேதான். அயோடைடு தைராய்டுக்குள் நுழையும் அதே வாசலில் தயோசயனேட்டும் முண்டியடிக்கும். மத்திய ஆப்பிரிக்காவின் கிவு ஏரியில் உள்ள இஜ்வி தீவில் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதன் விளைவை நேரில் பார்த்தார்கள். மண்ணில் அயோடின் குறைவு, உணவில் மரவள்ளி மிகுதி, கழுத்தில் கழலை. அயோடின் தாராளமாகக் கிடைக்கும் உடலில் தயோசயனேட்டின் தடை பெரிதாகப் பலிப்பதில்லை. சயனைடை முறிக்கத் தேவையான கந்தகமும் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களிலிருந்தே வருகிறது. மரச்சீனிக்கு மீன்குழம்பு என்ற சேர்க்கையை யாரும் வேதியியல் படித்து உண்டாக்கவில்லை. ஆனாலும் கிழங்கு பறிக்கும் அயோடின், கந்தகம் இரண்டையும் மீன் திருப்பித் தருகிறது. மீன் வாங்க வழியில்லாமல் கிழங்கை மட்டும் தின்ற வீடுகளுக்கு இந்த ஈடு இல்லை.

கணைய நோய் ஒன்றுக்கும் ஒரு காலத்தில் இதே கிழங்கின் மீது குற்றம் சாட்டப்பட்டது. கணையம் இரட்டை வேலை பார்க்கும் உறுப்பு. பெரும்பகுதி குழாய் வழியே செரிமான நீர் அனுப்பும். நூற்றில் ஒன்றிரண்டு பங்கே ஆன லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இன்சுலினையும் குளுக்ககானையும் இரத்தத்தில் விடும். கணையக் குழாயில் கற்கள் சேர்ந்து, சதை நார்பிடித்து, திட்டுகளும் அழிந்து, இளவயதிலேயே சர்க்கரை நோய் வரும் நிலையை இந்தோனேசியாவில் சுய்டெமா 1959இல் விவரித்தார். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைத் தொகுத்து 1968இல் நூலாக்கினார். வயிற்றுவலி, மெலிவு, பிறகு சர்க்கரை என்பது அதன் வழக்கமான வரிசை. 1979இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் மரவள்ளியின் சயனைடைக் காரணமாக முன்வைத்தார்கள். ஆனால் மரவள்ளியையே பிரதான உணவாகக் கொண்ட மேற்கு ஆப்பிரிக்காவில் நோய் அந்த அளவுக்குத் தென்படவில்லை. அதை உண்ணாத இந்தியப் பகுதிகளிலும் நோய் இருந்தது. 2000க்குப் பிறகு பல நோயாளிகளிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்பட்டது. கணையத்தின் செரிமான நொதி அங்கேயே விழித்துக்கொண்டு கணையத்தைக் கரைக்காமல் தடுக்கும் புரதத்தை ஆக்குவது இந்த மரபணுதான். கிழங்கு இப்போது முதல் குற்றவாளி அல்ல. இந்த நோயோடு வருகிறவர்களும் இன்று முன்னைவிட வயதில் மூத்தவர்கள். அவ்வளவாக மெலிந்தவர்களும் இல்லை.