கிட்டாருக்குள் நம்ம ஊர் ஈட்டி மரம்: 'ரோஸ்வுட்' இருந்தால்தான் நல்ல சத்தம் வருமா?

ஆம்பூர் என்றதும் பிரியாணியும் ஷூவும்தான் ஞாபகத்துக்கு வரும். கிட்டார் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால், பழைய முறையில் கையால் செய்த ஒரு கிளாசிக்கல் கிட்டாரைப் பிரித்துப் பார்த்தால், தோல் தொழில் செய்யும் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள் அதன் மூட்டுகளில் ஒட்டியிருக்கும். கூடவே, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரமும் இருக்கும்.

பிரச்சினை அந்த மரத்தில்தான். கடைகளில் 'ரோஸ்வுட்' என்று பெருமையாகச் சொல்லி விலை ஏற்றுகிறார்களே, அது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ஈட்டி. இன்று அது பாதுகாக்கப்பட வேண்டிய மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் ஈட்டி இல்லாமல் நல்ல கிட்டார் கிடையாதா? இந்தக் கேள்விக்கு 1862-லேயே ஒருவர் செய்து காட்டிய பதில் இருக்கிறது. அதற்கு முன், சில அடிப்படை விஷயங்கள்.

கிளாசிக்கல் கிட்டார் என்றால் எது?

கடையில் வரிசையாகத் தொங்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை இரும்புத் தந்தி போட்டவை. கிளாசிக்கல் கிட்டாரில் நைலான் தந்திகள். மெல்லிய மூன்றும் வெறும் நைலான். தடித்த மூன்றும் நைலான் இழைகளின் மேல் உலோகக் கம்பி சுற்றியவை. கழுத்துப் பகுதி அகலமாக இருக்கும். பிளெக்ட்ரம் கிடையாது, வலது கை விரல்களாலும் நகங்களாலும்தான் மீட்ட வேண்டும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் மெட்டையும், அதற்கு அடியில் ஓடும் பேஸ் ஸ்வரங்களையும், நடுவில் நிரப்பும் ஸ்வரங்களையும் வாசிப்பதுதான் இதன் அழகு.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இசைதான்

'நான் கிளாசிக்கல் கிட்டார் கேட்டதே இல்லை' என்று சொல்பவரும் அநேகமாகக் கேட்டிருப்பார். நோக்கியா போனின் பழைய ரிங்டோன் ஞாபகம் இருக்கிறதா? ஸ்பெயின் நாட்டு கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902-ல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற கிட்டார் இசையில் வரும் ஒரு சின்னத் துண்டு அது. ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில், 2006 முதல் 2014 வரை நோக்கியா போன்கள் தயாராயின.

தாரெகாவுக்கு முன்பே பெர்னான்டோ சோர், மௌரோ ஜூலியானி போன்றவர்கள் கிட்டாருக்காக நிறைய எழுதியிருக்கிறார்கள். இன்றும் மாணவர்கள் அவர்களின் பயிற்சிப் பாடங்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனாலும் வயலின், பியானோ அளவுக்கு கிட்டாருக்கு மரியாதை இல்லாமல் இருந்தது. அதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஆண்ட்ரே செகோவியா (1893–1987). உலகின் பெரிய அரங்குகளில் தனி ஆளாக வாசித்தார். கிட்டாரே வாசிக்கத் தெரியாத இசையமைப்பாளர்களையும் அதற்காக எழுத வைத்தார். மூன்று வயதில் பார்வையை இழந்த வாக்கீன் ரோட்ரிகோ ஒரு பியானோ கலைஞர். கிட்டாரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பதற்காக 1939-ல் அவர் எழுதிய 'கான்சியெர்ட்டோ டி அரான்ஹுவேஸ்', இந்த வாத்தியத்துக்கு எழுதப்பட்டவற்றில் மிகப் புகழ்பெற்றது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1842-ல் தொடங்கி இன்றும் சென்னை அண்ணா சாலையில் இயங்கும் மியூசி மியூசிக்கல் வழியாக டிரினிட்டி தேர்வுகளை இங்கேயே எழுதலாம். தொடக்க நிலையிலிருந்து எட்டாவது கிரேடு வரை கிளாசிக்கல் கிட்டாருக்கும் தேர்வு உண்டு.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தந்தி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. அகலமான அந்தப் பலகை அதிர்ந்து காற்றை அசைக்கும்போதுதான் நமக்குச் சத்தம் கேட்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒலித்துளை வழியாக உள்ளும் வெளியும் அசைந்து கீழ் ஸ்வரங்களுக்குக் கனம் சேர்க்கிறது.

எனவே மேல்பலகை லேசாகவும் இருக்க வேண்டும், உடையாமலும் இருக்க வேண்டும். ஸ்ப்ரூஸ், சிடார் போன்ற குளிர்நாட்டு மரங்கள் இதற்குத் தோதானவை. பலகையின் தடிமன் 2, 3 மில்லிமீட்டர்தான். ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து அதைச் சுமார் 40 கிலோ விசையுடன் இழுக்கின்றன. பலகை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய மரச் சட்டங்கள்.

இந்தச் சட்டங்களை விசிறி மாதிரி விரித்து ஒட்டும் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த தச்சர் அன்டோனியோ டி டோரஸ் (1817–1892). உடல் பகுதியைப் பெரிதாக்கி, தந்தியின் நீளத்தைச் சுமார் 650 மி.மீ. என்று அமைத்ததும் அவர்தான். இன்று உலகெங்கும் செய்யப்படும் கிளாசிக்கல் கிட்டார்கள் பெரும்பாலும் அவர் போட்ட அளவில்தான் இருக்கின்றன.

தோலுக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

டோரஸ் காலத்தில் மரத்தை ஒட்டியது மாட்டுத் தோலில் இருந்து காய்ச்சிய பசை. நம் தச்சர்கள் 'வஜ்ரம்' என்று சொல்வார்களே, அதே குடும்பம்தான்.

தோலில் இருக்கும் முக்கியப் புரதம் கொலாஜன். டேனரியில் தோலைப் பதனிடும்போது, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அசையாதபடி கொலாஜன் இழைகள் இறுகக் கட்டப்படுகின்றன. அதனால்தான் ஷூ மழையில் நனைந்தாலும் அழுகுவதில்லை. பதனிடாத தோல் துண்டுகளை வெந்நீரில் காய்ச்சினால் கதை வேறு. கொலாஜன் பிரிந்து கரைந்து, பசையாகிவிடும். பதனிடும் முன்பே தோலிலிருந்து வெட்டிக் கழிக்கும் துண்டுகளும் சவ்வும்தான் உலகெங்கும் இந்தப் பசைக்கு மூலப்பொருள். ஒரே தோல், ஒரு வழியில் போனால் ஷூ, இன்னொரு வழியில் போனால் பசை.

தொழிற்சாலை கிட்டார்களில் இப்போது செயற்கைப் பசைதான். கையால் செய்பவர்களில் சிலர் மட்டும் இன்னும் தோல் பசையை விடவில்லை. காரணம் எளிமையானது. சூடும் ஈரமும் கொடுத்தால் மூட்டு பிரிந்துவிடும். 100 வருடம் கழித்தும் வாத்தியத்தைக் கழற்றிப் பழுது பார்க்கலாம்.

தந்தியும் ஒரு காலத்தில் விலங்கிலிருந்துதான் வந்தது. மெல்லிய மூன்று தந்திகளும் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவை. இரண்டாம் உலகப் போரில் குடல் இழை அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் கிட்டார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் முயன்று பார்க்க, செகோவியா அதை மேடைக்குக் கொண்டுபோனார். அதன்பின் குடல் தந்தி கிட்டத்தட்ட காணாமல் போனது. தட்டுப்பாடு வந்தால் கிட்டார் மாறிக்கொள்ளும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஈட்டி எப்படி உள்ளே வந்தது?

கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் முன்பு மிக உயர்வாகக் கருதப்பட்டது பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் அருகிப்போய், 1992-ல் அதன் சர்வதேச வணிகத்துக்கு 'சைட்ஸ்' ஒப்பந்தம் தடை போட்டது. அதற்கு முன்பே கிட்டார் செய்பவர்கள் மாற்று மரம் தேடத் தொடங்கியிருந்தார்கள். கிடைத்தது, நீலகிரி, வயநாடு, குடகு பக்கம் வளரும் ஈட்டி. கனமான மரம், சூடுபடுத்தினால் அழகாக வளையும், பளபளப்பான கருஞ்சிவப்பு நிறம்.

ஆனால் ஈட்டி மெதுவாக வளரும் மரம். வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1994-ல் தமிழ்நாடு அரசு ஈட்டிக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனங்கள் அத்தனையும் சைட்ஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிட்டாரை ஏற்றுமதி செய்யவே அனுமதிச் சீட்டு தேவை என்ற நிலை. வாத்தியத் தொழில் திணறியதால், 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு தரப்பட்டது. மரத்துக்கான கட்டுப்பாடு தொடர்கிறது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு கிடையாது.

ஈட்டி இல்லாமல் முடியுமா?

இப்போது 1862-க்கு வருவோம். அந்த வருடம் டோரஸ் ஒரு வினோத கிட்டார் செய்தார். மேல்பலகை வழக்கம்போல நல்ல ஸ்ப்ரூஸ். பின்பக்கமும் பக்கங்களும் காகிதக் கூழ் அட்டை! சத்தத்தைத் தீர்மானிப்பது மேல்பலகையும் அதன் சட்டங்களும்தான் என்பதை அவர் இப்படிச் செய்து காட்டினார். அந்த கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2018-ல் பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கேள்வியை இன்னொரு விதமாகச் சோதித்தார்கள். பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறு வேறாக, மற்றதெல்லாம் ஒன்றுபோல ஆறு இரும்புத் தந்தி கிட்டார்கள். அவற்றில் பிரேசில் ரோஸ்வுட்டும் ஈட்டியும் இருந்தன, மலிவான மரங்களும் இருந்தன. 52 கிட்டார் கலைஞர்கள், கையில் இருப்பது எது என்று கண்ணுக்குத் தெரியாதபடி வாசித்தார்கள். ஆறுக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. மரத்தைச் சத்தத்தை வைத்துச் சரியாகப் பிரித்துச் சொல்வதும் கஷ்டமாகவே இருந்தது.

பின்பலகைக்கு வேலையே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் விலைப் பட்டியலில் தெரியும் அளவுக்கு வித்தியாசம் காதுக்குத் தெரியவில்லை.

வாங்கப் போகிறீர்களா?

* 'பின்னாடி ரோஸ்வுட்டா?' என்பதற்குப் பதில், 'மேல்பலகை ஒரே மரமா, பிளைவுட்டா?' என்று கேளுங்கள். 'சாலிட் டாப்' என்றால் முழு மரம்.
* பட்ஜெட் குறைவு என்றால் கூடுதல் காசை மேல்பலகைக்குச் செலவழியுங்கள். பின்பக்கம் மஹாகனியோ வால்நட்டோ இருந்தால் தவறில்லை.
* கிளாசிக்கல் கிட்டாரில் இரும்புத் தந்தி போடவே போடாதீர்கள். அதன் இழுவிசை சுமார் 70 கிலோ. பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.
* வேலூர், ஆம்பூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் பசை இளகும், மேல்பலகை வளையும்.
* பழைய பிரேசில் ரோஸ்வுட் கிட்டாருடன் வெளிநாடு போவதாக இருந்தால், சைட்ஸ் விதிகளை முதலில் பாருங்கள்.