மலச்சட்டியில் வளர்ந்த மருந்து

1941ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகர வைத்தியசாலையில் அல்பேட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்குப் புதிய மருந்தொன்று ஊசிமூலம் ஏற்றப்பட்டது. வயது 43. முகத்தில் ஏற்பட்ட காயத்தில் தொற்றிய கிருமி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் பரவி, ஒரு கண் அகற்றப்பட்டிருந்தது. மருந்து ஏற்றியதும் காய்ச்சல் தணிந்தது, பசியும் எடுத்தது. ஆனால் மருந்து கையிருப்பில் மிகக் கொஞ்சமே. அவரது சிறுநீரைச் சேகரித்து, அதிலே கழிந்த மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் 15இல் அவர் இறந்தார்.

அந்த மருந்துதான் பெனிசிலின். அது கண்டறியப்பட்டு அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 1928 செப்ரெம்பரில் விடுமுறை முடிந்து இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலைக்குத் திரும்பிய அலெக்சாண்டர் பிளெமிங், பற்றீரியா வளர்த்த தட்டொன்றில் பூஞ்சணம் பிடித்திருப்பதையும், அதைச் சுற்றிப் பற்றீரியாக்கள் அழிந்திருப்பதையும் கண்டார். பழைய பாணில் பூக்கிறதே, அந்த இனத்துப் பூஞ்சணந்தான். 1929இல் அதுபற்றிக் கட்டுரையும் எழுதினார். மருந்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கத்தான் முடியவில்லை. பாடப்புத்தகங்கள் கதையை இத்தோடு முடித்துவிடுகின்றன. என் எண்ணத்தில், கதை இங்கேதான் தொடங்குகிறது.

1939இல் ஒக்ஸ்போட்டில் அவுஸ்திரேலியரான ஹவார்ட் புளோரியும், ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு வந்த யூதரான ஏர்ன்ஸ்ற் செயினும் இதைக் கையிலெடுத்தார்கள். 1940 மே 25இல் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொல்லும் அளவில் கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மருந்து பெறாத நான்கும் விடியுமுன்னரே இறந்தன. மற்ற நான்கும் உயிரோடிருந்தன.

யுத்த காலம். உதவ எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை. அவர்களுடைய சகபாடி நோர்மன் ஹீற்லி, பிஸ்கற் தகரங்களிலும் பாற்கலன்களிலும் பூஞ்சணத்தை வளர்த்துப் பார்த்தார். கடைசியில், நோயாளிகள் படுக்கையில் பாவிக்கும் மலச்சட்டியே வாய்ப்பாக அமைந்தது! அதே பாங்கில் நூற்றுக்கணக்கான சட்டிகளைச் சூளையில் செய்வித்தார். அத்தனை சட்டிகளில் வளர்த்தும், ஒரு மனிதரைக் காப்பாற்றப் போதவில்லை.

1941 ஜூலையில் புளோரியும் ஹீற்லியும் அமெரிக்கா சென்றார்கள். பியோரியா நகர அரச விவசாய ஆய்வுகூடத்தில், சோளத்திலிருந்து மா எடுக்கும்போது மிஞ்சும் நீரில் பூஞ்சணம் செழித்தது. 1943இல் அவ்வூர்ச் சந்தையில் கிடைத்த அழுகல் முலாம்பழமொன்றில் இன்னும் வீரியமான வகை அகப்பட்டது. சட்டிகளுக்குப் பதிலாகப் பெருந்தொட்டிகள் வந்தன. 1944 ஜூனில் நோமண்டியில் தரையிறங்கிய படைகளுக்குத் தேவையான மருந்து தயாராயிருந்தது.

பற்றீரியாவுக்கு வெளியே சுவர் ஒன்று உண்டு. அது கட்டப்படுவதைப் பெனிசிலின் தடுக்க, பற்றீரியா வெடித்துச் சாகிறது. நமது உடற்கலங்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. ஆகவே அவை தப்புகின்றன. வைரசுக்கும் அந்தச் சுவர் இல்லை. தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் கேட்டுப் பார்மசிக்குப் போவதில் பயனில்லை என்பது இதனாலேயே.

1945இல் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹீற்லிக்கு நோபல் பரிசில் பங்கு கிடைக்கவில்லை; 1990இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பரிசு பெற்ற உரையிலேயே பிளெமிங் எச்சரித்தார்: அளவு குறைத்து உட்கொண்டால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று. காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசைகளைப் பத்திரப்படுத்தி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.