பாலைச் சுமக்கும் சொல்

சென்ற வாரம் சுங்கை பூலோ வீட்டில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த மகள், “லாட்டிசிஃபரஸ்னா என்னப்பா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருவருமாக அகராதியைப் புரட்டினோம்.

லத்தீனில் ‘லாட்டெக்ஸ்’ என்றால் திரவம். தண்ணீரையும் மதுவையும்கூட ரோமானியக் கவிஞர்கள் அப்படிச் சொன்னார்கள். ‘ஃபெர்ரே’ என்றால் சுமப்பது. நாம் அன்றாடம் சொல்லும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல்லுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, ‘மரப்பாலைச் சுமக்கிற’ என்ற பொருளில் ஒரு பெயரடை. லத்தீனில் பாலுக்குச் சொல் வேறு, ‘லாக்’. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதற்கும் லாட்டெக்ஸுக்கும் உறவில்லை. நம் தோட்டத்து மக்களுக்கோ அது பால்தான், மரம் பால்மரம்தான்.

முப்பது வருடம் பால்மரம் வெட்டிய என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொருளைச் சொன்னேன். “பாலைச் சுமக்கிறதா? ரெண்டு கையிலயும் வாளியைத் தூக்கிட்டு நான்தானேய்யா சுமந்தேன்?” என்றார்.

மகள் விடவில்லை. “கோடு எப்படிப் போடுவீங்க பாட்டி?”

“இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. அப்பதான் பால் நல்லா வரும்.”

காரணம் பாடக்குறிப்பில் இருந்தது. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக ஏறுவதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டில் அதிகக் குழாய்கள் அறுபடும். குழாய்கள் நெருக்கமாக இருப்பதோ பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டி. அங்கே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், உளி முனையில் அந்த அளவு!

“ஆழமாப் போனா மரத்துக்குக் காயம்டி. புதுப்பட்டை கட்டி கட்டியா வரும், மறுபடி வெட்ட முடியாது. தண்டல் ஏசுறது தனி.”

1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் நம் சுங்கை பூலோவில்தான் இருந்தது. பல நாடுகளுக்குப் போன ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம் அந்தக் கழகம் உருவாக்கியது. அந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரம் எழும்புகிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி.யும் வந்துவிட்டது.

மகள் குறிப்பேட்டில் மரத்தை வரைந்து நீட்டினாள். அம்மா பென்சிலை உளியைப் போலப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் கோடு போட்டார். கோட்டின் அடியில் ஒரு மங்கும் வரைந்தார்.