காருக்கு அழகு எது?

மோட்டார் காரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதரைக் கோவையில் காண்பது அரிது. பஞ்சாலைகளும் வார்ப்பாலைகளும் லேத்துப் பட்டறைகளும் நிறைந்த ஊர் இது. தெருவுக்கு ஒருவராவது இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் உடையவராக இருப்பார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரியதொரு பஸ் நிறுவனத்தை நடத்திய ஜி. டி. நாயுடு வாழ்ந்த ஊரும் இதுவே. அவர் வழிவந்தோர் 2015-இல் அவிநாசி சாலையில் ஒரு கார் காட்சிசாலையைத் திறந்தார்கள். பல நாடுகளில் பிறந்த பழைய கார்கள் அங்கே துடைத்து மெருகிட்ட நிலையில் நிற்கின்றன.

அக்காட்சிசாலைக்கு நான் போவதுண்டு. கார்களைக் காண்பதில் எனக்கு எவ்வளவு விருப்பமோ, அவற்றைக் காண வருவோர் பேசுவதைக் கேட்பதிலும் அவ்வளவு விருப்பம். ஒரு நாள் முதியவர் ஒருவர், பட்டறைத் தொழிலில் நரைத்தவர், தம் பேரனிடம் பெருமூச்சு விட்டார்: "அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் ஒரு முகம் இருந்துச்சு கண்ணு. இப்ப வர்றதெல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குது. மூஞ்சியும் சண்டைக்கு வர்ற மூஞ்சியா இருக்குது." பொறியியற் கல்லூரியில் படிக்கும் பேரன் விடவில்லை. "உங்களுக்கு அது ஞாபகத்தோட அழகுங்க தாத்தா. அந்த வண்டி மோதுனா உள்ளே இருக்கறவங்க கதி என்னாகுமுங்க?" என்றான்.

இருவரில் யார் சொல்வது சரி? அந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் இயந்திரம் வேறு, அதன் உருவம் வேறு. நாமக்கல்லிலிருந்து கரூருக்குச் செல்லும் சாலையில் சில சமயம் விசித்திரமான காட்சி ஒன்றைக் காணலாம். கூரை இல்லை, சுவர் இல்லை. இஞ்சினும் சட்டமும் சக்கரங்களும் ஸ்டீயரிங்கும் மட்டும் உடைய பஸ் ஒன்றின் எலும்புக்கூடு ஓடிவரும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் காற்றையும் முகத்தில் ஏற்றபடி ஒருவர் அதை ஓட்டிவருவார். 'சேஸிஸ்' எனப்படும் அந்த எலும்புக்கூடு கரூரில் பாடி கட்டும் பட்டறைக்குள் நுழைந்து, முழுப் பஸ்ஸாக வெளியே வரும். இயந்திரத்தைச் செய்தவர் ஒருவர். அதற்கு உருவம் கொடுத்தவர் மற்றொருவர்.

ஒரு காலத்தில் பெரிய கார்களும் இப்படித்தான் பிறந்தன. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தார் சேஸிஸை மட்டும் விற்பார்கள்; வாங்கியவர் தம் விருப்பம்போல் வேறொரு பட்டறையில் பாடி கட்டிக்கொள்வார். ஹென்றி ஃபோர்டு இதற்கு மறுகோடியில் நின்றார். 1908 முதல் 1927 வரை அவர் செய்த மாடல்-டி கார்கள் 1 கோடியே 50 லட்சம். அவற்றுள் 1914 முதல் 1925 வரை வெளிவந்தவை யாவும் கறுப்பு நிறமே. அழகு அவருக்குப் பொருட்டன்று. மலிவும் உழைப்பும் போதும்.

மாடல்-டி நின்ற அதே 1927-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், காரின் உருவத்தையும் நிறத்தையும் கவனிப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்றை ஹார்லி எர்ல் என்பவரின் தலைமையில் தொடங்கியது. கார் ஓடினால் மட்டும் போதாது, சென்ற ஆண்டுக் கார் பழையதாகத் தோன்றவும் வேண்டும் என்ற வாணிகத் தந்திரம் அங்கே வளர்ந்தது. போர் விமானம் ஒன்றின் வாலைப் பார்த்து 1948-இல் காடிலாக் காருக்குச் சிறிய வால்துடுப்புகள் வைத்தார்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து 1959-இல் உச்சியை அடைந்தன. பிறகு சில ஆண்டுகளில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தன. அத்துடுப்புகளால் அந்தக் கார் பறக்கவும் இல்லை. அவற்றை இழந்ததால் பின்வந்த கார் விழவும் இல்லை. காரணமற்ற அலங்காரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

இனி முதியவரின் முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். இக்காலத்துக் கார்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன? பெரும்பகுதி விடை காற்றில் இருக்கிறது. வண்டியின் வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வெல்ல எரிபொருள் வேண்டும். மின்சாரக் காரானால் பாட்டரியின் சக்தி வேண்டும். எல்லா நிறுவனத்தாரும் தத்தம் கார்களைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். காற்று எல்லாருக்கும் ஒரே விடையைத்தான் சொல்கிறது. நம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா வண்டிகளைப் பாருங்கள். வெவ்வேறு ஊர்த் தச்சர்கள் செய்தாலும் அவை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓட்டத்துக்கு வேண்டாத கட்டை எதையும் பந்தயம் விட்டுவைப்பதில்லை அல்லவா?

காற்றின் சொல்லை முதலிலேயே கேட்டவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1934-இல் கிரைஸ்லர் நிறுவனம் காற்றுச் சுரங்கத்தில் ஆராய்ந்து 'ஏர்ஃப்ளோ' என்ற காரை வெளியிட்டது. அதன் வழுவழுப்பான முகம் மக்கள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. 1937-உடன் அது நின்றுபோயிற்று. கண்ணுக்கும் பழக்கம் என்று ஒன்று உண்டு. நம் அம்பாசடர் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவிய அது, 1950-களின் இறுதி முதல் 2014 வரை, பெரிய உருமாற்றம் இன்றியே வங்காளத்தில் தயாராகி வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் நம் திருமணங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதுவே நம்மை ஏற்றிச் சென்றது. அதை அழகு என்று நாம் சொல்லும்போது, அதன் வளைவுகளை மட்டுமா சொல்கிறோம்?

ஆகவே, ஞாபகத்தின் அழகு என்று பேரன் சொன்னதில் உண்மை உண்டு. மோதலைப் பற்றி அவன் கேட்டதில் அதைவிடப் பெரிய உண்மை உண்டு. பழைய கார் இரும்புபோல் உறுதி, புதிய கார் தட்டினால் நசுங்குகிறது என்று பலரும் குறைகூறுவர். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2009-இல் ஒரு சோதனை செய்தது. 1959-இல் செய்த ஷெவர்லே கார் ஒன்றையும் 2009-இல் செய்த ஷெவர்லே கார் ஒன்றையும் எதிரெதிரே மோதவிட்டார்கள். பழைய காரில் ஓட்டுநரின் அறையே சிதைந்தது. அதிலிருந்த பொம்மை மனிதன் பிழைக்க வழியில்லை. புதிய காரின் முன்பகுதி நசுங்கி மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டது. உள்ளே அறை அசையவில்லை. இக்காலத்துக் கார்களின் தூண்கள் தடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டிலும் 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிக் கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று.

வழக்கு பேரனுக்குச் சாதகமாக முடிந்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். 'சண்டைக்கு வருகிற முகம்' என்றாரே முதியவர், அந்தச் சொல் பாக்கியிருக்கிறது.

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, என் மருமகனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டேன். இப்போது எங்கும் பெருகிவிட்ட உயரமான வண்டிகளுள் அதுவும் ஒன்று. கண்ணாடி வழியே பார்த்தேன். தெரு வெறுமையாக இருந்தது. இஞ்சினை முடுக்கிக் கியரைப் போட்டேன். "ஐயோ, நிறுத்துங்க! பாப்பா முன்னால இருக்குதுங்க!" என்று அடுத்த வீட்டு அம்மாள் அலறினார். இறங்கிப் பார்த்தால், வண்டியின் முகத்துக்கு இரண்டடி முன்னால் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று குந்தியிருந்தது. தாய் போட்ட கோலத்தின் ஓரத்தில் ஒரு பூசணிப் பூவை வைத்துக்கொண்டிருந்தது. அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று நான் ரயிலைப் பிடிக்கவில்லை. வெகுநேரம் கைநடுக்கமும் நிற்கவில்லை.

 மோதல் சோதனையில் புதிய காரைப் பாராட்டிய அதே அமெரிக்கக் கழகம்தான், நடந்து செல்வோர் மீது வாகனம் மோதிய ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-இல் இதையும் சொன்னது: முன்முகம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து சரிவாக அமைந்தவற்றைவிட, நடப்பவரைக் கொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவிகிதம் அதிகம். தாழ்ந்த முகம் காலில் மோதி ஆளைப் பானட்டின் மேல் சாய்க்கிறது. உயர்ந்த முகம் மார்பிலும் தலையிலும் மோதி அவரைக் கீழே தள்ளுகிறது.

இந்த உயரத்தை முழுவதும் காற்று கேட்கவில்லை; காற்று தாழ்வையும் சரிவையுமே விரும்புகிறது. நடப்பவரின் தலை இஞ்சினில் மோதாதிருக்கப் பானட்டுக்கு அடியில் சிறிது இடைவெளி வேண்டும் என்பது உண்மையே. அதற்கு மேற்பட்ட உயரமும் செங்குத்தான முகமும் பெரும்பாலும் கம்பீரத்துக்காக வந்தவை. இவையும் அந்த வால்துடுப்பின் இனம்தான். வால்துடுப்பு வீண் செலவோடு நின்றது. இது பிறர் உயிர்மேல் கைவைக்கிறது.

வண்டிக்குள்ளும் இப்படியொரு நாகரிகம் புகுந்திருக்கிறது. கண்ணைச் சாலையில் வைத்தபடி விரல் தானே தேடித் திருகிய குமிழ்கள் மறைந்து, தொடுதிரை வந்துவிட்டது. திரையைத் தொட வேண்டுமானால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். பார்க்கும் நேரத்தில் சாலையைப் பார்க்க முடியாது. ஐரோப்பாவின் கார்ப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு இதை உணர்ந்து, திசைவிளக்கு, வைப்பர், ஹார்ன் முதலியவற்றுக்குத் தனி விசைகள் வேண்டும் என்பதை 2026-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளில் சேர்த்தது.

ஆகவே என் தீர்ப்பு இது: பேரன் காருக்குள் இருந்து பேசினான், தாத்தா தெருவில் நின்று பேசினார். காரின் உருவத்தை இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தே மதிப்பிட வேண்டும். இதுவரை உள்ளே இருப்பவரைக் காப்பதில் வடிவமைப்பாளர்கள் வெற்றி கண்டார்கள். வெளியே நடப்பவரையும் இருசக்கர வண்டியில் செல்பவரையும் காக்கும் உருவத்தை இனித்தான் முழுமையாகக் காண வேண்டும். நம் சாலைகளில் அவர்களே பெரும்பான்மையோர்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை கார்களுக்கும் பஸ்களுக்கும் உருவம் வரையப்போகிறவர்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு கார் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும். இரண்டரை அடிக் குச்சி ஒன்றை மற்றொருவர் வண்டிக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தபடி, சிறிது சிறிதாகப் பின்னே நகரட்டும். குச்சியின் நுனி இருக்கையில் இருப்பவர் கண்ணுக்கு எப்போது தெரிகிறதோ, அங்கே நின்று தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கார்களில் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கோலத்தின் முன் குந்தியிருந்த அந்தக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய அந்தக் குச்சியளவுதான் இருக்கும்.