பிரீமியத்தைக் கண்காணிக்க ஓர் ஓட்டு

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் கண்ணில் படுவது அதிபர் பதவி. மிஞ்சினால் கவர்னர். கலிபோர்னியாவில் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் அதே வாக்குச்சீட்டில், கொஞ்சம் கீழே, இன்னொரு பதவிக்கும் பெயர்கள் அச்சாகியிருக்கும்: மாநில இன்சூரன்ஸ் கமிஷனர். அங்கே வரும்போது பலருக்குப் பேனா நகராது, யாரென்றே தெரியாது. காருக்கும் வீட்டுக்கும் ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தில் கவர்னரைவிட நேரடியாகக் கை வைப்பவர் இவர்தான்.

இந்தியாவில் இன்சூரன்ஸுக்கு ஹைதராபாத்திலுள்ள ஒரே ஆணையம். அதன் தலைவரை மத்திய அரசு நியமிக்கிறது. அமெரிக்காவில் 1945-இல் வந்த மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் அந்தப் பொறுப்பை மாநிலங்களின் கையிலேயே விட்டுவிட்டது. எனவே மாநிலத்துக்கு ஒரு கட்டுப்பாட்டாளர், மாநிலத்துக்கு ஒரு விதி. பெரும்பாலான மாநிலங்களில் இவர் நியமனப் பதவிக்காரர். கலிபோர்னியா, வாஷிங்டன், ஜார்ஜியா, வட கரோலினா, லூசியானா, கான்சாஸ் உள்ளிட்ட 11 மாநிலங்களில் மட்டும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கலிபோர்னியாவிலும் முன்பு நியமனம்தான். கார் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறிக்கொண்டே போன எண்பதுகளில், ஹார்வி ரோசன்ஃபீல்டு என்ற வழக்கறிஞர் 103-ஆம் முன்மொழிவை மக்கள் முன் வைத்தார். 1988 நவம்பர் வாக்குச்சீட்டில் இன்சூரன்ஸ் தொடர்பாக மட்டும் ஐந்து முன்மொழிவுகள். அவற்றில் சில, இன்சூரன்ஸ் கம்பெனிகளே முன்னிறுத்தியவை. ஆறு கோடி டாலருக்கு மேல் கம்பெனிகள் செலவழித்தும் ஜெயித்தது 103 ஒன்றுதான், அதுவும் 51 சதவீத ஓட்டில். கட்டணத்தை 20 சதவீதம் குறைக்க வேண்டும், இனி ஏற்றுவதானால் கமிஷனரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும், கமிஷனரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1990-இல் ஜான் கராமெண்டி தேர்தல் வழியாக வந்த முதல் கமிஷனர் ஆனார்.

அந்த முன்அனுமதியில்தான் சாமானியருக்கு ஒரு பிடி இருக்கிறது. கார், வீட்டு இன்சூரன்ஸில் 7 சதவீதத்துக்கு மேல் கட்டணம் ஏற்றக் கம்பெனி விண்ணப்பித்து, நுகர்வோர் தரப்பு கேட்டுக்கொண்டால், கமிஷனர் பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். கணக்கைக் காட்டு, ஏன் இவ்வளவு என்று குறுக்கு விசாரணை செய்யலாம். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை: 6.9 சதவீதம் கேட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டன. சட்டத்தில் ஓர் எண் இருந்தால் அதற்கு ஒரு முடி கீழே நிற்பது எப்படி என்று கற்றுக்கொள்ள யாருக்கும் நாளாவதில்லை.

மக்கள் தேர்ந்தெடுத்தவர் மக்கள் பக்கம்தான் நிற்பார் என்று நம்பிவிடக் கூடாது. தேர்தலுக்குப் பணம் வேண்டும்; இந்தப் பதவியின்மீது மிகுந்த அக்கறை உள்ளவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான். 1994-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நார்த்ரிட்ஜில் பூகம்பம் வந்தது. இழப்பீட்டைக் கம்பெனிகள் இழுத்தடித்ததாகவும் குறைத்துக் கொடுத்ததாகவும் புகார்கள் குவிந்தன. அதன் பின் கமிஷனராக வந்த சக் குவாக்கன்புஷ் பெரிய அபராதம் விதிக்காமல், சில அறக்கட்டளைகளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி விட்டுவிட்டார். ஒரு கோடி டாலருக்கு மேல் அப்படிப் போனது. அதில் ஒரு பகுதி தொலைக்காட்சி விளம்பரமாயிற்று. விளம்பரத்தில் வந்த முகம் கமிஷனருடையது. வீடு இடிந்தவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. துறையின் வழக்கறிஞர் ஒருவரே ஆவணங்களைச் சட்டமன்றத்துக்குக் கொடுக்க, விசாரணை சூடுபிடித்து, 2000-இல் குவாக்கன்புஷ் பதவி விலகினார்.

லூசியானா கதை இதைவிட மோசம். ஷெர்மன் பெர்னார்ட், டக் கிரீன், ஜிம் பிரௌன் என்று அடுத்தடுத்து வந்த மூன்று கமிஷனர்களும் சிறைக்குப் போனார்கள். டக் கிரீன் வழக்கின் மையமே, திவாலாகிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி அவருடைய தேர்தல் செலவுக்குக் கொட்டிக்கொடுத்த பணம். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

மறுபக்கமும் உண்டு. கான்சாஸில் கேத்லீன் செபீலியஸ் இன்சூரன்ஸ் துறையிடம் நன்கொடை வாங்க மாட்டேன் என்று சொல்லி 1994-இல் ஜெயித்தார். 2002-இல் அந்த மாநிலத்தின் புளூ கிராஸ் மருத்துவ இன்சூரன்ஸ் நிறுவனத்தை ஆந்தம் என்ற கம்பெனி வாங்க வந்தபோது, பிரீமியம் ஏறும் என்று தடுத்தும் நிறுத்தினார். வட கரோலினாவில் கமிஷனர் மைக் காசியிடம், தன் கம்பெனியைக் கண்காணித்த அதிகாரியை மாற்றினால் தேர்தல் நிதி தருகிறேன் என்று ஒரு தொழிலதிபர் பேரம் பேசினார். காசி எஃப்.பி.ஐ.யிடம் போய், ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிக்கொண்டே அடுத்த சந்திப்புகளுக்குப் போனார். கலிபோர்னியாவின் ரிக்கார்டோ லாரா, வாங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர், இன்சூரன்ஸ் தொடர்புள்ளவர்களிடம் வாங்கியது 2019-இல் வெளியே வந்ததும் திருப்பிக் கொடுத்தார். ஆகவே ஓட்டுப் போடுமுன் பார்க்க வேண்டியது வேட்பாளரின் நன்கொடைப் பட்டியலை. மாநில அரசின் தேர்தல் நிதித் தளத்தில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. லாரா 2018, 2022 என்று இருமுறை வென்றவர். மூன்றாம் முறைக்குச் சட்டம் இடம் தராது.

இந்த அதிகாரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகிவிடும். கட்டணத்தை ஏற்றாதே என்று கமிஷனர் சொல்லலாம். வீட்டுப் பாலிசியை விற்றே தீர வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 2023-இல் ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி கலிபோர்னியாவில் புது வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. 2024 மார்ச்சில் சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. லாஸ் ஏஞ்சலஸின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியும் அதில் அடக்கம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீக்கள் மூண்டு, 16,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வேறு எங்கும் இன்சூரன்ஸ் கிடைக்காதவர்களுக்காக 1968 முதல் இருந்துவரும் ஃபேர் பிளான் தத்தளித்தது. அதன் உறுப்பினர் கம்பெனிகளிடம் 100 கோடி டாலர் வசூலிக்க லாரா அனுமதித்தார். அதில் பாதியைத் தங்கள் வாடிக்கையாளர் தலையில் கம்பெனிகள் கட்டலாம். தீயே பார்க்காத ஊர்க்காரருக்கும் பில் போகும். ஸ்டேட் ஃபார்ம் 22 சதவீத அவசர உயர்வு கேட்க, அந்த மே மாதம் 17 சதவீதம் கிடைத்தது. கட்டணத்தை இறுக்கிப் பிடித்ததால்தான் கம்பெனிகள் ஓடின என்று ஒரு தரப்பு. மிரட்டியே காரியம் சாதித்தன என்று மறுதரப்பு. என் கணக்கில் இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிரீமியம் கட்டுபவருக்கு இரண்டாலும் லாபமில்லை.

பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். கலிபோர்னியாவில் வீட்டுப் பாலிசிக்குக் குறைந்தது 75 நாள் முன்னறிவிப்பு வேண்டும், காரணமும் எழுதியிருக்க வேண்டும். அடுத்து உங்கள் அஞ்சல் குறியீடு. கவர்னர் அவசரநிலை அறிவித்த காட்டுத்தீப் பகுதியிலும் அதை ஒட்டிய பகுதியிலும், தீயின் காரணமாக ஓராண்டுக்கு வீட்டுப் பாலிசியை நிறுத்த முடியாது. உங்கள் வீட்டுக்குச் சேதமே இல்லாவிட்டாலும் இது செல்லும். மூன்றாவது, உங்கள் வீட்டுக்குக் கம்பெனி போட்டுவைத்திருக்கும் தீ அபாய மதிப்பெண். 2022 விதிப்படி அதைக் கேட்டு வாங்கலாம், தவறென்றால் மேல்முறையீடும் செய்யலாம். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடியது எதுவும் இல்லாமல் செய்திருந்தால் தள்ளுபடியும் கேட்கலாம். ஃபேர் பிளானுக்குப் போவது கடைசி வழி. அதில் தீக்குக் காப்பு உண்டு. திருட்டுக்கும் குழாய் உடைந்து வரும் தண்ணீருக்கும் கிடையாது, அதற்குத் தனியே இன்னொரு பாலிசி வாங்க வேண்டும்.

வீடு எரிந்துவிட்டால் க்ளெய்ம் போட்ட நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், எந்தத் தேதி. விண்ணப்பம் வந்ததென்று கம்பெனி 15 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதாரம் கொடுத்த 40 நாளில் ஏற்பா மறுப்பா என்று சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்ட தொகையை 30 நாளில் தர வேண்டும். எத்தனை கரண்டி, எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை என்று சாம்பலில் உட்கார்ந்து பட்டியல் எழுதச் சொல்வார்கள். அறிவிக்கப்பட்ட அவசரநிலையில் முழுவதும் எரிந்த வீடென்றால் பட்டியல் இல்லாமலே ஒரு தொகை வாங்கலாம்: 2025 ஜனவரித் தீயின்போது இருந்த சட்டப்படி, வீட்டின் காப்புத் தொகையில் குறைந்தது 30 சதவீதம், உச்சவரம்பு 2,50,000 டாலர். மாற்று வாடகைச் செலவுக்கு நான்கு மாத முன்பணமும் கேட்கலாம். தீ அணையும் முன்பே வாசலில் வந்து நின்று, உங்களுக்காகக் கம்பெனியிடம் பேசுகிறேன், கமிஷன் கொடுங்கள் என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். பேரிடருக்குப் பின் ஏழு நாள் வரை அப்படி ஆள் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதன் பிறகும் உரிமம் இருக்கிறதா என்று துறைத் தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கம்பெனி மசியவில்லையென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு மனு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 800-927-4357 என்ற எண்ணில் பேசியும் தொடங்கலாம். துறை கேட்டால் கம்பெனி 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுரிமை இல்லாத விசாக்காரரும் இந்த மனுவைத் தாராளமாகப் போடலாம். ஆனால் விபத்தில் யார்மீது தப்பு, வீட்டின் மதிப்பு எவ்வளவு என்ற தகராறுகளில் துறை தீர்ப்புச் சொல்லாது. சில பேரிடர் வழக்குகளுக்குச் சமரசப் பேச்சு ஏற்பாடு உண்டு. 12,500 டாலர் வரையிலான தொகைக்குச் சிறு உரிமை நீதிமன்றம் உண்டு. அதற்கு மேல் வக்கீல்தான். வழக்குப் போடக் காலவரம்பு சாதாரணமாக 12 மாதம், அறிவிக்கப்பட்ட அவசரநிலையில் 24 மாதம்.

மருத்துவ இன்சூரன்ஸில்தான் ஃப்ரீமாண்ட், சான் ரமோன் பக்கத்து ஐ.டி. குடும்பங்கள் வாசல் மாறிப் போய் நிற்கின்றன. பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர் சிகிச்சைச் செலவைத் தங்கள் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. அட்டையில் அச்சாகியிருக்கும் இன்சூரன்ஸ் பெயர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கூலிக்கு மட்டும். 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் அந்தத் திட்டங்களைக் கமிஷனர் தொட முடியாது. எச்.ஆரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது கம்பெனி சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டமா, இன்சூரன்ஸிடம் வாங்கியதா? முதலாவதென்றால் மனு போக வேண்டியது மத்தியத் தொழிலாளர் துறைக்கு. வாங்கியதாக இருந்தால் பெரும்பாலும் மாநிலத்தின் மருத்துவத் திட்டக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, எண் 888-466-2219. கமிஷனரின் கீழ் வரும் மருத்துவப் பாலிசிகள் கொஞ்சம்தான்.