உங்களுக்குத் தெரியுமா? விரையில் கோளாறு, வயிற்றில் வலி!

கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் நரம்பையும் ரத்தக்குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு விதைப்பைக்கு இறங்குகின்றன. அதனால்தான் சிறுநீரகக் கல் நகரும்போது விரை வரை வலி பாய்கிறது. விரையில் அடிபட்டால் அடிவயிறு பிசைகிறது, குமட்டுகிறது.

பயப்பட வேண்டியது விரை முறுக்கு. 12 முதல் 18 வயதுப் பையன்களிடம் அதிகம், தூக்கத்தில்கூட வரும். விரையைத் தாங்கும் தண்டு திருகி, ரத்த ஓட்டம் நின்றுவிடும். 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் பையன் கூச்சத்தில் "வயிறு வலிக்குதும்மா" என்று மட்டும் சொல்வான், வாந்தியும் எடுப்பான். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். "கீழேயும் வலிக்குதாப்பா?" என்று கேளுங்கள். ஆமென்றால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.